நம் ஜமாஅத்தின் ஏடுகளும் விக்கி என்னும் பொதுக் குறிப்பேடும்

(அல்லிநகரம் ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அன்று. கம்ப்யூட்டரில் நிறுவப்படும் ஒரு மென்பொருளைப் பற்றியது. நிகழ்ச்சி நிரலைப் பார்த்த ஒரு பெரியவர், “ஹஜ்ரத், இதெல்லாம் காலேஜ் பிள்ளைகள் பேச வேண்டிய விஷயமல்லவா? உங்களுக்கு இதில் என்ன வேலை?” என்று உரிமையோடு கேட்டார். அவர் கேட்டது நியாயமே. ஓதிக்கொடுக்கும் பணியிலேயே இருபது ஆண்டுகளைக் கழித்துவிட்ட நமக்கு, அந்த இயந்திரத்தின் உள்விவரம் சிறிது காலத்திற்கு முன்பு வரை ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய நிலை எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

1995ஆம் ஆண்டின் வக்ஃபு சட்டம் 2025இல் திருத்தப்பட்டதையும், அதன் தொடர்ச்சியாக ‘உமீத்’ என்னும் மைய இணையத்தளம் 2025 ஜூன் 6ஆம் நாள் தொடங்கப்பட்டதையும் நீங்கள் அறிவீர்கள். ஆறு மாதங்களுக்குள் வக்ஃபுச் சொத்துகளின் விவரங்களை அதில் பதிவேற்ற வேண்டும் என்றார்கள். அச்சட்டத்தின் நியாய அநியாயங்களைப் பேசுவதற்கு இது இடமன்று. நாம் சொல்ல வருவது, அந்த ஆறு மாதங்களில் நம் பள்ளிவாசல் அலுவலகத்தில் நாம் கண்ணால் கண்டதை.

பத்திர நகல் ஒன்று, முன்னாள் பொருளாளர் ஒருவரின் வீட்டுப் பரணில் தகரப் பெட்டிக்குள் கிடந்தது. வரி ரசீதுகளில் பாதி பள்ளிவாசல் பீரோவில். மீதிப் பாதி ஒரு கடையின் கல்லாப் பெட்டிக்கு அடியில். கபருஸ்தானின் சர்வே எண் ஒரு காகிதத்தில் ஒருவிதமாகவும் இன்னொன்றில் வேறுவிதமாகவும் இருந்தது. பழைய தாள்களில் ‘மதுரை மாவட்டம், பெரியகுளம் தாலுகா’ என்றிருக்கும். புதியவற்றில் ‘தேனி மாவட்டம்’ என்றிருக்கும். இரண்டும் ஒரே நிலம்தான் என்று எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். வடக்கு எல்லையில் நின்ற வேப்பமரம் எங்கே இருந்தது என்று துல்லியமாகச் சொல்லக்கூடியவராக நம்மிடம் ஒரே ஒரு பெரியவர் இருந்தார். அவரும் அதற்கு முந்தைய ஆண்டே இறையடி சேர்ந்துவிட்டார். அவர் உயிரோடு இருந்த காலமெல்லாம் ஒவ்வொரு ஜும்ஆவுக்கும் நம் முன்னால் அமர்ந்திருந்தார். நாம் ஒரு நாளும் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை. இந்தக் குற்றத்தை வேறு யார் மேலும் சுமத்த முடியாது. இது நம்முடையது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் ஆண்டறிக்கை மலர்கள் வெளிவரத் தொடங்கிய காலத்தில் அச்சகத்தார் கம்ப்யூட்டரில் கோத்த கோப்புகளைச் சிடியில் போட்டுத் தந்தார்கள். அதை இப்போது போட்டுத் திறந்தால், தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் குறிகளும் தாறுமாறாகக் கொட்டுகின்றன. அக்காலத் தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இருக்கையில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தவை. அந்த எழுத்துரு இல்லாத இயந்திரத்தில் இருக்கை மட்டும் தெரியும், அமர்ந்தவர் தெரியமாட்டார். ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் உலகம் முழுமைக்கும் பொதுவான எண்ணைத் தரும் யூனிகோடு முறையைத் தமிழ்நாடு அரசு 2010இல் ஏற்றது. அதற்கு முன் அடித்தவற்றை மாற்றுவதற்கான கருவிகள் உள்ளன. ஆனால் யாராவது உட்கார்ந்து மாற்ற வேண்டும். நம் வீட்டுக் கல்யாணங்களும் மவுத்துச் செய்திகளும் அந்தச் சிடிகளுக்குள் இருக்கின்றன.

இந்த அல்லாட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நம் பிள்ளைகள் மூவர் ஒருநாள் இஷாவுக்குப் பிறகு வந்து, “ஹஜ்ரத், நமக்கென்று ஒரு விக்கி வைத்தால் என்ன?” என்று கேட்டார்கள். நமக்கு விளங்கவில்லை. விக்கிப்பீடியாவைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தோம். அதை நாமே எப்படி வைப்பது?

விக்கி என்பது ஹவாய்த் தீவு மக்களின் மொழியில் விரைவைக் குறிக்கும் சொல். ஹொனலுலு விமான நிலையத்தில் ஓடிய ‘விக்கி விக்கி’ பேருந்தின் நினைவாக, வார்டு கன்னிங்ஹாம் என்னும் அமெரிக்கர் 1995 மார்ச் 25ஆம் நாள் தாம் வெளியிட்ட தளத்துக்கு இப்பெயரை வைத்தார். அதன் சாரம் மிக எளியது. ஒரு பக்கத்தைப் படிப்பவர், அதிலே பிழை கண்டால் அங்கேயே ‘தொகு’ என்பதைத் தட்டித் திருத்தலாம். யார் திருத்தினார், எந்த நாளில், எந்த மணியில், எந்தச் சொல்லை எடுத்து எந்தச் சொல்லை வைத்தார் என்பது தானாகவே பதிந்துவிடும். பழைய வடிவமும் அழியாது. பின்னால் அடுக்கில் போய் அமர்ந்துகொள்ளும்.

2001 ஜனவரி 15இல் விக்கிப்பீடியா இந்த முறையில் தோன்றியது. தமிழில் 2003இல் தொடங்கிற்று. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன் அவர்கள், அரபு அமீரகத்தில் பணியாற்றிக்கொண்டே அதற்கு ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதினார். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்கு அளித்தது. 2017இல் தமிழ் விக்கிப்பீடியா ஒரு இலட்சம் கட்டுரைகளைக் கடந்தது. நம் ஜமாஅத்தின் பிள்ளைகள் எத்தனையோ பேர் அதே அமீரகத்தில் இருக்கிறார்கள் என்பதை இடையில் சும்மா நினைவுபடுத்துகிறோம்.

ஆனால் நம் கபருஸ்தானின் சுற்றுச்சுவர் வரலாற்றை விக்கிப்பீடியாவில் எழுத முடியாது. எழுதினால் நீக்கிவிடுவார்கள், நீக்குவதும் சரியே. அது கலைக்களஞ்சியம். வெளியான நூலோ இதழோ சான்றாக இல்லாத செய்திக்கு அங்கே இடமில்லை. நம் சான்றுகளோ தகரப் பெட்டியிலும் பெரியவர்களின் நினைவிலும் இருப்பவை. ஆகவே அந்த மென்பொருளை மட்டும் எடுத்து, நம் சொந்தக் கம்ப்யூட்டரில் நிறுவி, நம் ஏட்டை நாமே வைத்துக்கொள்ள வேண்டும். இவ்வகை மென்பொருள்கள் பல விலையின்றிக் கிடைக்கின்றன. யாரும் எடுத்து நிறுவலாம்.

அப்படிச் செய்தவர்கள் தமிழரிலேயே உண்டு. 1981 மே 31 இரவில் மூட்டப்பட்ட தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அந்தத் துயரை மனத்தில் சுமந்தவர்களும் அவர்களுக்குப் பின் வந்த இளைஞர்களுமாகச் சேர்ந்து 2005இல் ‘நூலகம்’ என்னும் இணைய நூலகத்தைத் தொடங்கினார்கள். விக்கிப்பீடியாவை இயக்கும் அதே மீடியாவிக்கி மென்பொருளைத்தான் அவர்கள் நிறுவிக்கொண்டார்கள். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு பக்கம். அதில் ஆசிரியர், வெளியீட்டாளர், ஆண்டு, பக்க எண்ணிக்கை. கூடவே ஒளிவருடிய பிரதி. இன்று ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள் அங்கே உள்ளன. இலங்கை முஸ்லிம்கள் தொடர்பான ஆவணங்களும் அவற்றுள் அடங்கும். தமிழ்நாட்டிலும் எழுத்தாளர் ஜெயமோகன் முன்னின்று 2022இல் ‘தமிழ் விக்கி’ என்னும் தனிக் கலைக்களஞ்சியம் ஏற்பட்டது. அவை பெரிய காரியங்கள். நமக்கு வேண்டியது ஒரு சிறிய தஃப்தர். ஆனாலும் வழி அதுதான்.

நம் பிள்ளைகள் மீடியாவிக்கியையும் பார்த்தார்கள். 2004இல் ஜெர்மானியரான ஆந்திரியாஸ் கோர் உருவாக்கிய டோக்குவிக்கியையும் பார்த்தார்கள். மீடியாவிக்கிக்குத் தனியாக ஒரு தரவுத்தளம் வேண்டும். மேலும், சில பக்கங்களைச் சிலர் மட்டுமே பார்க்க வேண்டும் என்று பூட்டுவதற்காக அது வடிவமைக்கப்படவில்லை. அதன் ஆவணங்களே அப்படி எச்சரிக்கின்றன. டோக்குவிக்கிக்குத் தரவுத்தளம் வேண்டியதில்லை. ஒவ்வொரு பக்கமும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. எந்தப் பக்கத்தை யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்று வரையறுக்கும் ஏற்பாடு அதனுள்ளேயே இருக்கிறது. நாளை அந்த மென்பொருளே இல்லாமல் போனாலும், கோப்புறையைத் திறந்தால் தமிழ் எழுத்து அப்படியே இருக்கும். சிடியில் கண்ட துன்பத்தை நினைத்த நமக்கு இந்த ஒரு காரணமே போதுமானதாகப் பட்டது. டோக்குவிக்கியே என்று முடிவாயிற்று.

மக்தபின் மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் உபுண்டு என்னும் இலவச இயங்குதளத்தைப் போட்டு, அப்பாச்சி என்னும் வலை வழங்கியையும் பிஎச்பி என்னும் மொழியையும் நிறுவினார்கள். டோக்குவிக்கியின் பொதியை இறக்கி, விரித்து, உரிய கோப்புறையில் வைத்து, உலாவியில் ‘இன்ஸ்டால் டாட் பிஎச்பி’ என்னும் பக்கத்தைத் திறந்தால், அது சில கேள்விகளைக் கேட்கிறது. விக்கியின் பெயர் என்ன? தலைமைப் பொறுப்பாளர் யார்? யாவரும் எழுதலாமா, யாவரும் படித்துப் பதிவு செய்தோர் மட்டும் எழுதலாமா, அல்லது படிப்பதற்கும் எழுதுவதற்கும் பதிவு செய்தோருக்கே உரிமையா? யாரும் தாமாகவே பதிவு செய்துகொள்ளலாமா? முழுவதும் மூடிய முறையையும், தாமாகப் பதிவு செய்ய முடியாத நிலையையும் தேர்ந்தெடுக்கச் சொன்னோம். வேலை முடிந்ததும் அந்த நிறுவல் கோப்பை அழித்துவிட வேண்டும். வீட்டைக் கட்டி முடித்த பின் சாரத்தை அவிழ்ப்பது போன்றது அது.

இவ்வளவும் ஓர் இரவுக்குள் முடிந்தது. நாம் மகிழ்ந்தோம். அடுத்த இரவுதான் விஷயம் தெரிந்தது.

டோக்குவிக்கியின் வழிகாட்டி, உள்ளே இருக்கும் தரவுக் கோப்புறையின் முகவரியை நேரடியாக உலாவியில் அடித்துப் பார், மறுப்பு வர வேண்டும் என்கிறது. அடித்துப் பார்த்தோம். மறுப்பு வரவில்லை. கடவுச்சொல் எதுவும் கேட்காமல் பக்கம் பளிச்சென்று திறந்துகொண்டது. முன்கதவில் பூட்டுத் தொங்குகிறது. பக்கத்துச் சன்னல் திறந்து கிடக்கிறது! காரணம் இதுதான்: டோக்குவிக்கி அந்தக் கோப்புறைகளுக்குள் ‘இங்கே யாரையும் விடாதே’ என்ற சிறு கட்டளைக் கோப்பை வைத்திருக்கிறது. உபுண்டுவில் அப்பாச்சி நிறுவப்படும்போது, அத்தகைய கோப்புறைக் கட்டளைகளைப் பொருட்படுத்தாதே என்ற நிலையில்தான் இருக்கும். வழங்கியின் அமைப்பில் அதற்கு அனுமதி கொடுத்து மறுபடி தொடங்கிய பிறகே மறுப்பு வந்தது. சோதித்துப் பாராமல் நிகாஹ் தஃப்தரின் படங்களை ஏற்றியிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை நினைக்கவே நெஞ்சு பதறுகிறது. அந்தப் பிள்ளை அன்றிரவு உறங்கவில்லை என்று அவனுடைய அம்மா மறுநாள் சொன்னார்கள்.

இன்னொரு சிக்கல் சிரிப்பை வரவழைத்தது. ‘அல்லிநகரம் ஜமாஅத் கபருஸ்தான் வடக்குச் சுற்றுச்சுவர் கட்டிய வரலாறு’ என்று நாமே ஆசையோடு ஒரு தலைப்பு வைத்தோம். பக்கம் சேமிக்கப்படவில்லை. ஏனென்று ஆராய்ந்தார்கள். தலைப்பே கோப்பின் பெயராகிறது. டோக்குவிக்கி தன் இயல்பான அமைப்பில், கோப்பின் பெயரில் வரும் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டையும் ஒன்பது ஆங்கில எழுத்து நீளமாக மாற்றி எழுதுகிறது. ‘கி’ என்பது நம் கண்ணுக்கு ஓரெழுத்து; இயந்திரத்துக்குக் ககரமும் கொக்கியுமாக இரண்டு குறியீடு. கோப்புப் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. ஆக, நீண்ட தமிழ்த் தலைப்பை அது தாங்காது. அமைப்பில் ஒரு சொல்லை மாற்றி, யூனிகோடாகவே பெயரை எழுதச் செய்தால் அதைப் போல மூன்று மடங்கு கிடைக்கும். பக்கங்களை எழுதத் தொடங்கும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும். செய்தோம். தலைப்பையும் சுருக்கிக்கொண்டோம், பயான் செய்து பழகியவர்களுக்கு அது சிறிது கடினமே.

இப்போது, நாம் ஏன் இதில் தலையிட்டோம் என்ற பெரியவரின் கேள்விக்கு வருகிறோம்.

பழைய வடிவம் அழியாமல் இருக்க, புதிய வடிவம் மேலே நிற்கும் என்று பிள்ளைகள் விளக்கியபோது, மதரஸாவில் ஓதிய ஒரு பாடம் நம் நினைவுக்கு வந்தது. ஹிஜ்ரி 643இல் மறைந்த இமாம் இப்னுஸ் ஸலாஹ் அவர்கள் ஹதீஸ் கலையைப் பற்றி எழுதிய முகத்திமாவில், எழுதும்போது பிழை நேர்ந்தால் என்ன செய்வது என்பதற்கு ஓரிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். கத்தியால் சுரண்டி எடுப்பதைவிட, பிழையின் மேல் கோடிட்டு விடுவதே மேலானது என்பது அங்கே கூறப்படும் கருத்து. சுரண்டிவிட்டால் கீழே இருந்த சொல் எதுவென்று தெரியாது. இன்று பிழை என்று கருதியது, வேறோர் அறிவிப்பாளர் வழியாகச் சரியென்று நாளை தெரியவரலாம். கோடிட்ட சொல் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். விக்கி செய்வது இந்தக் கோடிடுதலைத்தான். யார் சொன்னது, யாரிடமிருந்து கேட்டது என்று இஸ்னாதைத் தேடும் நமக்கு, ‘இந்த எல்லையை இன்னார் சொன்னார், இன்ன நாளில் இன்னார் எழுதினார்’ என்று பக்கந்தோறும் நிற்பது அந்நியமான ஏற்பாடு அன்று.

ஆனால் மறக்காத ஏட்டுக்கு ஓர் ஆபத்தும் உண்டு. நிர்வாகத்தில் ஒரு சகோதரர், “எல்லாவற்றையும் ஏற்றிவிடுவோம் ஹஜ்ரத், வேண்டாததைப் பிறகு அழித்துக்கொள்ளலாம்” என்றார். பிறகு அழிக்க முடியாது என்பதுதான் இங்கே செய்தி. பக்கத்தை வெறுமையாக்கினாலும் பழைய வடிவங்கள் ‘ஆட்டிக்’, அதாவது பரண், என்று பெயரிட்ட கோப்புறையில் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். அங்கே போய்க் கையால் நீக்கினாலும், அதற்கு முன் எடுத்து வைத்த நகல்களில் இருக்கும். ஒரு பெண்ணின் தலாக்கைப் பற்றி, பஞ்சாயத்தில் ஆத்திரத்தில் சொல்லப்பட்ட வார்த்தைகளை ஒருவர் எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண் மறுமணம் செய்து, பேரப்பிள்ளைகள் பெற்ற பிறகும் அது நம் பரணில் கிடக்கும். எழுதிக் காப்பது கடமை என்பதைப் போலவே, பிறர் குறையை மறைப்பதும் நம்மீது கடமை. இரண்டும் மோதுகிற இடத்தில் எதை ஏட்டில் ஏற்றுவது என்பதை மென்பொருள் சொல்லாது. நாம்தான் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும்.

ஆகவே நிர்வாகத்திடம் பிடிவாதமாகவே சொன்னோம். ஜகாத்தும் பித்ராவும் பெறுவோரின் பெயர்கள் அந்த இயந்திரத்துக்குள் போகவே கூடாது. குடும்ப வழக்குகளும் போகக் கூடாது. அவை எப்போதும் போல் ஒரே ஒரு நோட்டில், ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். நிகாஹ் பதிவேடு ஏறலாம். ஆனால் செயலாளரும் இமாமும் மட்டுமே பார்க்கும் பகுதியில். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்றே நாட்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. அது இல்லாவிட்டாலும் நாம் இப்படித்தான் சொல்லியிருப்போம். வக்ஃபுச் சொத்து விவரம், கபருஸ்தான் பதிவு, பொதுக்குழுத் தீர்மானங்கள், வரவு செலவு ஆகியவை ஜமாஅத்தார் அனைவருக்கும் திறந்திருக்க வேண்டும். இமாமின் சம்பளமும் அந்தக் கணக்கில் இருக்கட்டும். பார்த்துவிட்டு உயர்த்திக் கொடுக்கச் சொல்பவர்கள் சொல்லட்டும். நாம் தடுக்கப் போவதில்லை.

இன்னொரு தவறான எண்ணத்தையும் நீக்கிவிடுகிறோம். படம் ஏற்றிவிட்டோம், இனிக் காகிதம் எதற்கு என்று யாரும் பத்திரத்தைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். வழக்கென்று வந்தால் முதலில் கேட்பது மூலத்தை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவின் படியைச் சான்றாக வைக்கவும் உரிய சான்றிதழ் இணைக்க வேண்டும். விக்கிப் பக்கம் பத்திரம் ஆகாது. பத்திரம் எந்தப் பெட்டியில், யார் வீட்டில் இருக்கிறது என்று சொல்வதற்கும், பெரியகுளம் தாலுகா என்று தேடுபவரும் தேனி என்று தேடுபவரும் ஒரே பக்கத்துக்கு வந்து சேர்வதற்கும் அது உதவும். 2025இல் அவ்வளவு இருந்திருந்தாலே நமக்குப் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

அடுத்து, நகல். இதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். 2021 மார்ச் 10இல் பிரான்சு நாட்டின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று தீப்பிடித்து எரிந்தது. உலகெங்கும் பலருடைய தளங்கள் அத்தோடு போயின. சிலர் நகல் எடுத்துத்தான் வைத்திருந்தார்கள். ஆனால் நகலும் அதே வளாகத்தில் இருந்தது. யாழ்ப்பாணத்தில் எரிந்தது காகிதம், இங்கே எரிந்தது வட்டு. மூலமும் நகலும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் தீக்கு இரண்டும் ஒன்றே. நம் ஊரிலோ தீ வேண்டாம். மழைக்காலத்து இடி ஒன்று போதும், மின்சாரம் போய்ப் போய் வருவது போதும்.

நகல் எடுப்பதற்கும் நம் முன்னோர் ஒரு முறை வைத்திருந்தார்கள். ஏட்டைப் படியெடுத்தவர் அதை மூலத்தோடு வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பார். முகாபலா என்று பெயர். ஒவ்வொரு ஹதீஸின் முடிவிலும் சிறு வட்டம் ஒன்று வரைந்திருப்பார்கள். ஒப்பிட்டுச் சரிபார்த்த பின் அந்த வட்டத்துக்குள் ஒரு புள்ளி வைப்பார்கள். வெறும் வட்டமாக நின்றால் அந்த இடம் இன்னும் பார்க்கப்படவில்லை என்று பொருள். கம்ப்யூட்டர்க்காரர்கள் எடுத்து வைக்கும் நகல்களில் பெரும்பாலானவை புள்ளி வைக்காத வட்டங்களே என்று நம் பிள்ளைகள் ஒப்புக்கொண்டார்கள். எடுத்தார்கள், வைத்தார்கள், திறந்து பார்த்ததில்லை. டோக்குவிக்கியில் நகல் எடுப்பது எளிது. பக்கங்கள், படங்கள், பழைய வடிவங்கள், பயனர் அமைப்புகள் எல்லாம் கோப்புறைகளே, அப்படியே படியெடுத்தால் போதும். மாதத்தின் முதல் ஞாயிறன்று ஒரு வட்டில் எடுத்து, அதை வேறொரு கம்ப்யூட்டரில் விரித்து, ஏதேனும் ஐந்து பக்கங்களைத் திறந்து மூலத்தோடு ஒப்பிட வேண்டும். ஒப்பிட்டவர் நோட்டில் ஒரு வட்டம் வரைந்து புள்ளி வைக்க வேண்டும். ஒரு வட்டு இங்கே இரும்பு பீரோவில். மற்றொன்று கம்பத்தில் குடியிருக்கும் நம் ஜமாஅத்தார் ஒருவர் வீட்டில். நிகாஹ் பகுதி அதில் இருப்பதால், கடவுச்சொல் இல்லாமல் திறக்க முடியாதபடி வட்டையும் பூட்டியே கொடுக்க வேண்டும்.

இதை இணையத்தில் ஏற்ற வேண்டுமா என்றும் கேட்டார்கள். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கு ஆவல் இருக்கிறது. வாடகைக்கு வழங்கி எடுக்கலாம், பெயர் பதிவு செய்யலாம். ஆண்டுதோறும் புதுப்பிக்க மறந்தால் இரண்டும் போய்விடும். உலகத்தின் முன் திறந்து வைத்தால், மென்பொருளின் புதிய பதிப்புகளை உடனுக்குடன் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சும்மா தட்டிப் பார்ப்பவர்கள் இரவும் பகலும் வருவார்கள். ஓராண்டுக்குப் பள்ளிவாசல் வளாகத்துக்குள் மட்டும் இயங்கட்டும் என்பது நம் கருத்து. அலுவலகத்தில் வந்து பார்க்கலாம். வளாகத்து வைஃபையில் கைபேசியிலும் பார்க்கலாம். ஓராண்டு ஒழுங்காக நடத்திக் காட்டிய பிறகு வெளியே போவதைப் பேசுவோம்.

நமக்குள்ள பெரிய கவலை இயந்திரத்தைப் பற்றியதன்று. இன்று ஆர்வத்தோடு நிற்கும் மூவரில் ஒருவர் சென்னைக்கு வேலைக்குப் போகிறார். இன்னொருவருக்கு விசா வரப்போகிறது. கடவுச்சொல் ஒருவர் மனத்தில் மட்டும் இருந்தால், அது வேப்பமரம் இருந்த இடத்தை அறிந்த பெரியவரின் கதையாகவே முடியும். கடவுச்சொற்களையும், நிறுவிய விதத்தைப் படிப்படியாக எழுதிய தாளையும் முத்திரையிட்ட உறையில் பீரோவில் வைக்க நிர்வாகம் இசைந்திருக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் இருவரை, அவர்களில் ஒருத்தி பெண் பிள்ளை, இப்போதே உடன் சேர்த்துப் பழக்கும்படி கேட்டிருக்கிறோம்.

பெரியோர்களிடம் நமக்கொரு வேண்டுகோள். ஞாயிறுதோறும் அஸருக்குப் பிறகு அலுவலகம் திறந்திருக்கும். வீட்டில் பழைய ரசீதோ, நிகாஹ் அழைப்பிதழோ, அரபுத் தமிழில் எழுதிய நோட்டோ இருந்தால் கொண்டு வாருங்கள். அங்கேயே படம் எடுத்துக்கொண்டு கையில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். காகிதம் இல்லாதவர்கள் நினைவைக் கொண்டு வாருங்கள். மீஸான் கல் இல்லாத கபருகளில் யார் யார் அடக்கமாகியிருக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் இன்னும் ஏழெட்டுப் பேராவது நம்மிடையே இருக்கிறார்கள். நடக்க இயலாதவர்கள் சொல்லி அனுப்பினால் பிள்ளைகள் வீட்டுக்கே வருவார்கள். சொன்னவர் பெயரோடுதான் எழுதப்படும். இருவர் சொல்வது வேறுபட்டால் இரண்டும் எழுதப்படும்.

முதல் பக்கம் எழுதியாயிற்று. கபருஸ்தானின் நான்கு எல்லைகளைப் பற்றியது அது. இதுவரை அதில் மூன்று திருத்தங்கள் நடந்திருக்கின்றன. இரண்டு, நேற்று வந்த ஒரு பெரியவர் சொல்லித் திருத்தியவை. மூன்றாவது நாம் செய்த எழுத்துப்பிழை. ‘வடக்கு’ என்பதை ‘வடகு’ என்று அடித்துவிட்டோம். பிழையான வடிவமும், திருத்திய பிள்ளையின் பெயரும், அந்த நேரமும் அப்படியே உள்ளன. மஃரிபுக்குப் பிறகு யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

வஸ்ஸலாம்.